ரயர் பூட்ட முதல் திகதியைப் பாருங்கோ

ஒருவழியாகக் காருக்கு நாலு புது ஓல்-சீசன் ரயர் போட்டு முடிந்தது. கார் நல்லாய் ஓடுகிறது, மனதுக்கும் நிம்மதி. ஆனால் அதற்கு முதல் கடைகளில் நடந்ததை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது. ஸ்காபரோவில் இந்த வசந்தத்தில் ரயர் மாற்ற இருக்கிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

கார் 2015 ரொயோற்றா கொரோலா எல்ஈ. குளிர்காலத்துக்கு இரும்பு ரிம்மில் பூட்டிய வின்ரர் ரயர் நாலும் கராஜில் தனியாக இருக்கின்றன. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு முக்கியமாக வரும். எனக்குத் தேவைப்பட்டது ஏப்ரலில் இருந்து நவம்பர் வரை ஓட ஒரு செற் மட்டும்தான். பழைய ரயர்களின் தவாளிப்பை, அதாவது மேற்பரப்பில் வெட்டியிருக்கும் பள்ளத்தின் ஆழத்தை, அளந்தபோது பின்னால் 4/32 அங்குலம் இருந்தது. முன்னால் உள்விளிம்பில் 2/32தான். புது ரயர் ஏறக்குறைய 10/32 ஆழத்தோடு வரும். 2/32க்கு வந்தால் அந்த ரயரின் கதை முடிந்தது. மழைநாளில் 401 நெடுஞ்சாலையில் ஓடுகிறவர்கள் 4/32 வந்ததுமே மாற்றுவது நல்லது. அதற்குக் கீழே போனால் தண்ணீர் வெளியேற வழி போதாமல் ரயர் தண்ணீருக்கு மேல் மிதக்கத் தொடங்கும்.

முதல் கடையில் தொலைபேசியில் காரின் வருடத்தையும் பெயரையும் மட்டும் கேட்டார்கள். 195/65 ஆர்15 என்று விலை சொன்னார்கள். என் காரில் இருப்பது 205/55 ஆர்16. ஆருக்குப் பின்னால் வரும் எண்தான் ரிம்மின் அங்குலம். ஒரே வருடக் கொரோலாவிலேயே தரத்தைப் பொறுத்து 15, 16, 17 அங்குலம் என்று ரிம் மாறும். ரயரில் எழுதியிருப்பதையும் ஓட்டுநர் கதவோரத்து ஒட்டியில் இருப்பதையும் வாசித்துக் காட்டினேன். "ஓம், எழுதிப்போட்டன்" என்றார் மறுமுனையில் இருந்தவர். அரைநாள் லீவு எடுத்துக்கொண்டு போனால், அங்கே அடுக்கி வைத்திருந்தது 15 அங்குல ரயர்! அவரிடம் ஒரு மன்னிப்புக்கூட இல்லை, "கம்பியூட்டர் அப்படித்தான் காட்டுது" என்றார். முற்பணத்தைத் திரும்ப வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அளவையும் சுமைச் சுட்டெண்ணையும் வேக எழுத்தையும் சேர்த்து, என் காருக்கு 205/55 ஆர்16 91எச், எழுத்தில் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். 91 என்றால் ஒரு ரயர் 615 கிலோ தாங்கும், எச் என்றால் மணிக்கு 210 கிலோமீற்றர். அனுப்பாத கடைக்குக் காசு கட்ட வேண்டாம்.

இரண்டாவது கடையில் நின்றவர் நம்மட தமிழ்ப் பொடியன். மரியாதையான பிள்ளை, ஆனால் ஓல்-வெதர் ரயரைத் தலையில் கட்டுவதிலேயே குறியாக இருந்தார். "அண்ணை, வெயில், மழை, ஸ்னோ எல்லாத்துக்கும் இது ஒண்டே போதும்" என்றார். ஓல்-சீசனும் ஓல்-வெதரும் ஒன்றல்ல, இதில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். ஓல்-சீசன் ரயரில் எம்+எஸ் (சேறும் ஸ்னோவும்) என்று போட்டிருக்கும். அது தவாளிப்பின் அமைப்பைக் குறிப்பதே தவிர, ஸ்னோவில் ஓட்டிச் சோதித்ததற்கான முத்திரை அல்ல. வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே இறங்கினால் அதன் றப்பர் இறுகிப் பிடிப்புக் குறையும். மூன்று சிகரம் உள்ள மலையும் அதற்குள் ஸ்னோ நட்சத்திரமும் உள்ள குறி இருந்தால்தான் அது ஸ்னோவில் சோதனை தேறிய ரயர். மிஷெலின் குறொஸ்கிளைமற் போன்ற ஓல்-வெதர் ரயர்களில் அந்தக் குறி உண்டு. கியூபெக்கில் டிசெம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால ரயர் கட்டாயம். அங்கே பதிவான காருக்கு வெறும் எம்+எஸ் செல்லாது, இந்தக் குறி வேண்டும். ஆனால் குறி இருக்கிறதென்று ஐஸில் பிரேக் பிடிக்கும் என்று நம்பிவிடாதீர்கள். அந்தச் சோதனை இறுகிய ஸ்னோவில் இழுவையை மட்டும் பார்ப்பது.

அடுக்குமாடியில் இருக்கிறீர்கள், இன்னொரு செற்றை வைக்க இடமில்லை, நகரத்துக்குள்தான் ஓட்டம் என்றால் ஓல்-வெதர் நல்ல தெரிவு. ஆனால் கராஜில் வின்ரர் ரயர் வைத்திருக்கிற, அதற்குக் காப்புறுதியில் கழிவும் பெறுகிற ஒருவர் எதற்காகக் கூடக் காசு கொடுத்து ஓல்-வெதர் வாங்கி, அதைக் கோடையில் தேய்க்க வேண்டும்? இதைத்தான் அந்தத் தம்பிக்கு மறுபடி மறுபடி சொல்ல வேண்டியிருந்தது.

அது சரிவராது என்று தெரிந்ததும் ரயரில் போட்டிருக்கும் தேய்மான எண்ணைக் காட்டத் தொடங்கினார். "இது 800, மற்றது 600, 800தான் கனகாலம் போகும்." அந்த எண்ணை ரயர் கம்பனியே தன் சோதனையை வைத்துத் தானே போடுகிறது. ஒரு கம்பனியின் 800ஐ இன்னொரு கம்பனியின் 600ஓடு நேரே ஒப்பிட முடியாது. பக்கத்தில் உள்ள ஏஏ, ஏ, பி என்ற இழுவைத் தரம் ஈரத் தரையில் நேராகப் பிரேக் பிடிப்பதைச் சொல்வது. எனக்கு மழைதான் முக்கியம், அதனால் ஈரத்தில் நல்லாய் நிற்கும் என்று பெயரெடுத்த கொன்ரினென்ரல் ட்ரூகொன்ராக்ற் ரூரைத் தெரிந்தெடுத்தேன்.

அடுத்தது விலை. ஒரு ரயர் 159 டொலர் என்றார்கள். பூட்டுக்கூலி, பலன்ஸ், மீள்சுழற்சிக் கட்டணம், ரிபிஎம்எஸ் கட்டணம், அதன்மேல் 13 சதவீத எச்எஸ்ரி வரி எல்லாம் ஏறிக் கடைசிக் கணக்கு 900ஐத் தொட்டது. ரிபிஎம்எஸ் என்பது ரயருக்குள் இருந்து காற்றழுத்தத்தைச் சொல்லும் உணரி. அமெரிக்காவில் அது கட்டாயம். கனடாவில் கட்டாயமில்லை, என் காரில் அது இல்லவே இல்லை! இல்லாத சாமானுக்கு நாலு சில்லுக்கும் காசு. சுட்டிக்காட்டியதும் மறுபேச்சில்லாமல் அழித்தார்கள். கேட்காமல் கட்டிவிட்டுப் போனவர்கள் எத்தனை பேரோ!

அதற்குப் பிறகு, ரயர் எப்போது செய்தது என்று பூட்டுமிடத்துக்கு உள்ளே போய்ப் பார்க்கவேண்டும் என்று கேட்டேன். உள்ளே விடமாட்டோம் என்றார்கள். "அப்ப ரயரை வெளியில கொண்டுவந்து காட்டுங்கோ" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே உருட்டி வந்தார்கள். பக்கச்சுவரில் டிஓரி என்று தொடங்கும் வரியின் கடைசி நாலு இலக்கம்தான் உற்பத்தித் திகதி, முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். முழு இலக்கம் ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கும், அந்தப் பக்கம் உள்நோக்கிப் பூட்டப்பட்டால் காருக்கு அடியில் படுத்துத்தான் பார்க்க வேண்டும். இரண்டு ரயரில் 4824. மற்ற இரண்டிலும் 1121!

"ரயர் என்ன பாலா அண்ணை, பழுதாப்போக?" என்றார் தம்பி. "பழுதாகாதெண்டா உங்கட காருக்குப் பூட்டுங்கோ, எனக்குப் புதுசு வேணும்" என்றேன். கூரைக்குக் கீழே ஒழுங்காக வைத்த ரயர் ஓரிரு வருடத்தில் கெட்டுவிடாது, அது எனக்கும் தெரியும். ஆனால் ரொயோற்றாவின் கைநூலே 6 வருடம் தாண்டிய ரயரைத் தொழில்நுட்பவியலாளர் பரிசோதிக்க வேண்டும் என்கிறது. நான் ஓடுகிற ஓட்டத்துக்கு ஒரு செற் 6 வருடம் தாங்கும். அலுமாரியில் 4 வருடம் கிடந்ததை முழு விலைக்கு ஏன் வாங்க வேண்டும்? முகாமையாளர் வந்தார், கதைத்தார், கடைசியில் வேறு கிளையில் இருந்து 2024இல் செய்த இரண்டை எடுப்பித்துத் தந்தார். இந்த முழு அலைச்சலிலும் எனக்கு உண்மையான சந்தோசம் தந்தது அந்த இடம்தான். சில்லில் பூட்டிய பிறகு கேட்டிருந்தால் நிச்சயம் மாற்றித் தந்திருக்க மாட்டார்கள்.

பூட்டுவதும் பலன்ஸ் செய்வதும் கெதியில் முடிந்துவிட்டன.

முன் ரயர்கள் உள்விளிம்பில் தேய்ந்திருந்ததால் அலைன்மென்றை, அதாவது சில்லுகளின் கோணத்தைச் சரிசெய்வதை, வேறு இடத்தில் செய்வித்தேன். செய்ய முதல் ஒரு தாள், செய்த பிறகு ஒரு தாள், இரண்டையும் கேட்டு வாங்குங்கள். என் முதல் தாளில் முன் இடது சில்லின் கோணம் சிவப்பில் நின்றது. குளிர்காலம் முடிய ரொறன்ரோ வீதிகளில் திறக்கிற குழிகளைப் பார்த்தால் அது ஆச்சரியமில்லை. இதைச் சரிசெய்யாமல் விட்டிருந்தால் புது ரயரும் அதே ஓரத்தில் தேய்ந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து அழுத்தம் பார்த்தால் கதவோரத்தில் எழுதியிருப்பதைவிட 8 பீஎஸ்ஐ கூட அடித்திருந்தார்கள். இறக்கிச் சரிசெய்தேன். ரயர் குளிர்ந்திருக்கும்போது, காலையில் காரை எடுக்க முதல் பாருங்கள். சில்லு நட்டுகளை, நட்டு இறுக்கும் துப்பாக்கி யந்திரத்தால் கண்மண் தெரியாமல் இறுக்கியிருந்தார்கள். கொரோலாவுக்கு 76 அடி-பவுண்ட் இறுக்கம் போதும். முறுக்குச் சாவியால் தளர்த்தி மீண்டும் இறுக்கி, 100 கிலோமீற்றர் ஓடிய பிறகு இன்னொருமுறை பார்த்தேன். ஒரு நட்டு சற்றுத் தளர்ந்திருந்தது.

நாலையும் ஒன்றாக மாற்ற வசதியில்லாதவர்களுக்கு ஒன்று: இரண்டு மட்டும் வாங்கினால் புதியதைப் பின்னால் பூட்டச் சொல்லுங்கள். முன்சில்லு இழுக்கிற கார்தானே, முன்னால் போடுவோம் என்று கடையில் சொல்வார்கள். விடவேண்டாம், ஈரத்தில் பின்பக்கம் வழுக்கினால் காரைத் திருப்பிப் பிடிப்பது மிகக் கடினம்.

பில்லை வீசிவிடாதீர்கள். எத்தனை மைல் ஓடும் என்று கம்பனி தருகிற உத்தரவாதத்தைக் கேட்டுப் போகும்போது, ரயரை முன்பின் மாற்றிய பதிவையும் கேட்பார்கள். நான் 10,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றுவித்து, அந்தப் பில்லையும் இதோடு சேர்த்துக் கட்டி வைக்கப்போகிறேன்.