ஊர்ப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவோம்

2011-இல் பாளையங்கோட்டையில் இயற்பியல் சேர்ந்த முதல் வாரத்திலேயே, பெற்றோர் வைத்த பெயர்கள் எங்களுக்குள் காணாமல் போய்விட்டன. யார் எந்த ஊர் பஸ்ஸில் வந்து இறங்கினார்களோ அந்த ஊரே பெயர். முக்கூடல், மேலப்பாளையம், ஸ்ரீவைகுண்டம், ராதாபுரம், மாஞ்சோலை. நான் சிந்துபூந்துறை.

2014-இல் வெளியே வந்தோம். பத்து வருஷம் ஆகிவிட்டது, உங்கள் செட் இப்போது எங்கே இருக்கிறது என்று எழுதித் தாருங்கள் என்று கல்லூரி மலர்க் குழுவில் கேட்டார்கள். ஷார்ஜாவில் நான் இருக்கிறேன். துபாய், தோஹா, மஸ்கட் என்று இன்னும் ஆறு பேர். சென்னையிலும் பெங்களூரிலும் கம்ப்யூட்டர் வேலையில் பத்துப் பேருக்கு மேல். எல்லாரும் நன்றாக இருக்கிறோம். ஆனால் நான் எழுத ஆசைப்படுவது ஊரோடு இருப்பவர்களைப் பற்றி. அவர்கள் படம் இந்த மலரில் வேறு எந்தப் பக்கத்திலும் வராது.

எங்கள் படிப்புக் காலம் கடும் மின்வெட்டுக் காலம். 2012-இல் பகலில் மின்சாரம் எப்போது போகும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஸ்பெக்ட்ரோமீட்டர் சோதனைக்கு சோடியம் விளக்கைப் போட்டால் அது சூடேறி நல்ல மஞ்சளாக எரியவே சில நிமிடங்கள் ஆகும். மஞ்சளாகும் நேரத்தில் கரண்ட் போய்விடும். மறுபடி முதலிலிருந்து. அந்த ஆய்வகத்தில் எனக்கு இரண்டு பக்கமும் நின்ற ராதாபுரமும் மாஞ்சோலையும்தான் இன்று மின்சாரம் உண்டாக்கும் இடங்களில் வேலை பார்க்கிறார்கள். ராதாபுரம் கூடங்குளத்தில். மாஞ்சோலை கயத்தாறு பக்கம் காற்றாலைகளில். தென்மேற்குக் காற்று அடிக்கும் மே முதல் செப்டம்பர் வரை அவனைப் போனில் பிடிப்பது கஷ்டம். எடுத்தாலும் காற்றுச் சத்தம்தான் முதலில் கேட்கும்.

முக்கூடல் தினமும் அம்மாவுக்குப் பீடி இலை வெட்டி வைத்துவிட்டுத்தான் பஸ் ஏறுவாள். நோட்டை வாங்கினால் தாளில் புகையிலைத் தூள் வாசம் இருக்கும். ஆயிரம் பீடி சுற்றினால்தான் அன்றைய கூலி என்று கணக்குப் பார்த்து வளர்ந்தவள். மூன்றாவது முறை குரூப் 4 எழுதித் தேறினாள். இன்று ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றில் கிராம நிர்வாக அலுவலர். எங்கள் செட்டிலேயே பெரிய ஆள் யார் என்று என்னைக் கேட்டால் அவளைத்தான் சொல்வேன்.

2023 டிசம்பர் 17, 18-ஐ நம் பக்கத்து ஆட்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. தாமிரபரணி கரை தாண்டிவிட்டது. சிந்துபூந்துறையில் எங்கள் வீடு ஆற்றுக்குப் பக்கம். அப்பாவால் வேகமாக நடக்க முடியாது. ஞாயிறு ராத்திரி அம்மா, "படிக்கட்டுக்குத் தண்ணி வந்துட்டுய்யா" என்றாள். அதற்கப்புறம் போன் கிடைக்கவில்லை. நான் அறையில் உட்கார்ந்து ஒவ்வொரு நம்பராக அடித்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் போகவில்லை.

மறுநாள் மதியத்துக்கு மேல் தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. "லே, நான் மேலப்பாளையம். அம்மாவும் அப்பாவும் எங்க வீட்டுலதான் இருக்காவ. பயப்படாத." அவன் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். லாரி டியூபில் காற்றடித்து, அதன்மேல் பலகை கட்டி, அப்பாவை உட்காரவைத்து, இடுப்பளவுத் தண்ணீரில் இரண்டு பையன்களோடு தள்ளிக்கொண்டு வந்திருக்கிறான். நான் அவனைக் கேட்கவில்லை. கேட்க வழியும் இல்லை. கல்லூரி நாளில் எங்கள் வீட்டில் நாலைந்து தடவை சாப்பிட்டிருக்கிறான், அவ்வளவுதான். பதினொரு நாள் என் பெற்றோர் அவன் வீட்டில் இருந்தார்கள். அவன் உம்மாவின் சேலையைத்தான் அம்மா உடுத்தியிருந்தாள்.

அதே இரவில் முக்கூடல் தன் கிராமத்தில் கதவு கதவாகத் தட்டிக் கரையோர வீடுகளைக் காலி செய்துகொண்டிருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஸ்ரீவைகுண்டம் வாழை போட்டிருந்தான். பொங்கலுக்கு வெட்ட வேண்டிய தார்கள். தோட்டம் மொத்தமும் சாய்ந்துவிட்டது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் சுமார் 800 பேரோடு அந்த ஊர் ஸ்டேஷனில் மாட்டிக்கொண்டது அல்லவா, சுற்றுவட்டார ஊர்க்காரர்கள்தான் முதலில் சமைத்துக் கொடுத்தார்கள். இவனும் அதில் அரிசி மூட்டை சுமந்திருக்கிறான். தன் வாழை போனதை அவன் எங்களிடம் சொன்னது ஒரு மாதம் கழித்து. எங்கள் குழுவில் பணம் திரட்டினோம். அவன் கடனாகத்தான் வாங்குவேன் என்றான். இப்போது மறுபடி ஏத்தன் வைத்திருக்கிறான். முதல் தவணையும் வந்துவிட்டது.

2024 ஜூலையில் லீவில் போனபோது பாளையில் பத்தொன்பது பேர் கூடினோம். மாஞ்சோலை கடைசியாக வந்தான், பேச்சே இல்லை. விடுதியில் இருந்த காலத்தில் மாதம் ஒருமுறை வீட்டுக்குப் போய்விட்டு, எங்களுக்கு எஸ்டேட் தேயிலைத் தூள் பொட்டலம் கொண்டுவருவான். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-இல் தேயிலைக் கம்பெனி 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த மலை அது. குத்தகை 2028-இல் முடிகிறது. அதற்கு முன்னாலேயே, 2024-லேயே, தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு என்று எழுதி வாங்கிவிட்டார்கள். அவன் தாத்தா காலத்தில் ஏறிய குடும்பம். அவனுக்குக் கீழே ஊர் என்று ஒன்று கிடையாது.

அப்பா அம்மாவைக் கல்லிடைக்குறிச்சியில் வாடகை வீட்டில் வைத்திருக்கிறான். மேலே இருந்தவரை வீட்டில் ஃபேனே கிடையாது, தேவைப்பட்டதில்லை. இப்போது அம்மாவால் வெக்கை தாங்க முடியவில்லையாம். ஃபேன் போட்டால் அந்தச் சத்தத்தில் தூக்கம் வரவில்லையாம்.

பஸ் ஏற்றிவிடப் போனபோது, செல்போனில் உன் பெயரை இன்னும் மாஞ்சோலை என்றுதான் வைத்திருக்கிறேன், மாற்றவா என்று கேட்டேன்.

"வேண்டாம்லே," என்றான். "அது அப்படியே இருக்கட்டும்."