ஆயினும்

திருகோணமலையில் திருக்கடலூர்ப் பக்கம் கரையோரமாக எனக்கு ஒரு சின்ன வேலைத்தலம் இருக்கிறது. படகு இஞ்சின் திருத்துவதுதான் தொழில். பதினெட்டு வயதில் ஒரு பெரியவருக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுக்கிற பையனாகச் சேர்ந்தேன். இருபத்தாறு வருடமாகிவிட்டது. வாசலில் நின்றால் கோணேசர் மலை தெரியும். காலையில் கரைக்கு வரும் படகின் சத்தத்தைக் கேட்டே எந்த இஞ்சினுக்கு எங்கே கோளாறு என்று பாதி சொல்லிவிடுவேன்.

இங்கே சின்னப் படகுகளுக்குப் பெரும்பாலும் மண்ணெண்ணெய் இஞ்சின்தான். பெற்றோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்துமுன் மறுபடி பெற்றோலில் கொஞ்ச நேரம் ஓடவிட வேண்டும். இல்லாவிட்டால் மறுநாள் கயிற்றை இழுத்து இழுத்தே தோள் கழன்றுவிடும். இஞ்சினைக் குளிர வைப்பது கடல்நீர். அந்த நீரை உறிஞ்சி மேலே அனுப்புவது வோட்டர் பம்புக்குள் இருக்கும் இம்பெல்லர் என்ற றப்பர்ச் சில்லு. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், பூவிதழ் மாதிரி சுற்றிலும் மடல்கள். அது சுற்றாவிட்டால் எவ்வளவு பெரிய இஞ்சினும் கொஞ்ச நேரத்தில் வெந்து இறுகிவிடும்.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி எல்லாருக்கும் நினைவிருக்கும். டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்குப் போனது. ஓகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாயானது. கடலுக்குப் போனால் நட்டம், போகாவிட்டால் பட்டினி. உதிரிப்பாகம் கிடைப்பதே பெரும்பாடு, கிடைத்தாலும் விலை கேட்கவே பயம். அந்த செப்டெம்பரில் ஒரு தம்பி தன் இஞ்சினைக் கொண்டுவந்து, "அண்ணன், எப்படியாவது ஓட வச்சுத் தாங்க, காசு பிறகு தாறன்" என்றான். பம்பைக் கழற்றிப் பார்த்தேன். இம்பெல்லரின் மடல்கள் ஒரு பக்கமாக வளைந்து விறைத்திருந்தன. ஒன்றின் அடியில் மயிரளவு வெடிப்பு. விரலால் வளைத்துப் பார்த்தேன், உடையவில்லை. இன்னும் ஒரு மாதம் தாங்கும் என்று நினைத்து, கிறீஸ் பூசி அதையே திரும்பப் போட்டுவிட்டேன். தண்ணீர்ப் பீப்பாயில் வைத்து ஓட்டியபோது பக்கத்துத் துளையால் நீர் பாய்ந்தது. சரி, கொண்டு போ என்றேன். பழைய சில்லுதான் போட்டிருக்கிறது என்று அவனிடம் சொல்லவில்லை.

நான்காம் நாள் அவனும் இன்னொரு பையனும் போன படகு திரும்பவில்லை.

பொழுதுபட்ட பிறகு கரையில் ஆட்கள் கூடினார்கள். சோளகம் கடலுக்குள் தள்ளுகிற காற்று. இஞ்சின் நின்றால் படகு எங்கே போகும் என்று யாரும் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. நான் வேலைத்தலத்துக் கதவைச் சாத்திவிட்டு முழங்காலில் நின்றேன். மெதடிஸ்த குடும்பத்தில் பிறந்தவன், ஜெபம் எனக்குப் புதிதல்ல. அன்று இரவு வாயிலிருந்து வந்ததை இப்போதும் மறக்க முடியவில்லை. "கர்த்தாவே, நான் ஒருநாளும் போலிச் சாமான் போட்டதில்லை. ஏழைகளிடம் கூலியைக் குறைத்துத்தான் வாங்கியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வேலைத்தலம் திறந்ததில்லை. இந்தப் படகை விடியுமுன் கரை சேர்த்துவிடும்." கொஞ்சம் கழித்து இன்னொன்றும் சேர்த்தேன். என் பெயர் கெட்டுப்போகாமல் காத்துக்கொள்ளும் என்றேன்.

அதைச் சொன்ன நொடியில் உள்ளே என்னவோ தட்டியது. இரண்டு பிள்ளைகள் இருட்டில் கடலில் கிடக்கிறார்கள், நான் என் பெயருக்காக முழங்காலில் நிற்கிறேன்.

லூக்கா 18ஆம் அதிகாரத்தில் ஆலயத்துக்கு ஜெபம்பண்ணப் போன இரண்டு பேரைப் பற்றி இயேசு சொல்கிறார். ஒருவன் வேத சட்டத்தைக் கண்டிப்பாகக் கைக்கொள்ளும் பரிசேயன், மற்றவன் பாவி என்று ஊரார் ஒதுக்கிய வரி வசூலிப்பவன், அதாவது ஆயக்காரன். அந்தப் பரிசேயன் பொய் சொன்னான் என்று வேதத்தில் இல்லை. தன் நன்மைகளாக அவன் அடுக்கிச் சொன்ன உபவாசமும், பத்திலொன்று கொடுக்கிற தசமபாகமும் உண்மையாகவே இருந்திருக்கலாம். என் பட்டியலும் ஏறக்குறைய உண்மைதான். கணக்கைக் காட்டி, மிச்சத்தைத் தாரும் என்று கேட்கிற தொனிதான் அதிலே பிழை. ஆயக்காரன் தூரத்தில் நின்று, கண்ணை ஏறெடுக்கவும் துணியாமல் சொன்னது நான்கே சொற்கள்: "தேவனே, பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்." அதை நான் சின்ன வயதிலிருந்து எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். ஆனால் அன்றைக்கு அந்த இம்பெல்லர் கண்முன் வந்து நின்றது. அந்த வெடிப்பும் தெரிந்தது. வேறு ஒன்றும் சொல்ல வரவில்லை.

எழுந்து கரைக்குப் போனேன். அந்தத் தம்பியின் தாய் மணலில் உட்கார்ந்திருந்தார். கத்தோலிக்கர், கையில் செபமாலை. பக்கத்தில் போய் இருந்தேன். மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் கேட்டது. "ஆண்டவரே, என்ட பிள்ளையைக் கொண்டு வந்து தாரும். எனக்கு அவன் வேணும்." இதையே திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு நெடுநேரம் பேச்சில்லை, அலைச் சத்தம் மட்டும். கடைசியில், "ஆனா அவன் முதல்ல உம்மட பிள்ளை" என்றார். சொல்லிவிட்டுச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

எங்கள் ஊரில் 'எல்லாம் அவர் சித்தம்' என்பதைப் பெரும்பாலும் எல்லாம் முடிந்த பிறகுதான் சொல்வோம். சாவீட்டில் சொல்வோம், பரீட்சை தவறினால் சொல்வோம். அதில் பாதி தலைவிதி என்று கைவிடுவதுதான். இயேசு பிடிபடுவதற்கு முன் ஜெபித்த கெத்செமனேயில் அது நடக்குமுன்னே சொல்லப்பட்டது. கெத்செமனே என்றால் எண்ணெய்ச் செக்கு என்று அர்த்தமாம். அந்த இடத்தில் இயேசு, இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கும்படி செய்யும் என்று முதலில் கேட்கிறார். ஒளிக்காமல் கேட்கிறார். மூன்று தரம் ஜெபித்ததாக மத்தேயு எழுதுகிறார், வேர்வை இரத்தத்தின் பெருந்துளிகளாய் விழுந்ததாக லூக்கா. ஆகவே கேட்பது விசுவாசக் குறைவல்ல. வேண்டும் என்பதை வேண்டாம் என்று நடிப்பதும் தாழ்மையல்ல. கேட்ட பிறகுதான் "ஆயினும்" வருகிறது. "ஆயினும் என்னுடைய சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது." அந்தத் தாயின் 'ஆனா'வும் அதே சொல்தான். அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு நேரம் எடுத்தது என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான்.

இரண்டாம் நாள் மத்தியானம் ஒரு பலநாள் படகு அவர்களைக் கட்டியிழுத்து வந்தது. உதடு வெடித்து, முகம் தோலுரிந்து, ஆனால் உயிரோடு. தாய் மகனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள், நானும் சொன்னேன். அத்தோடு ஜெபம் கேட்கப்பட்டது என்று வீட்டுக்குப் போயிருக்கலாம். இஞ்சின் நின்றதற்குக் காரணம் யாருக்கும் தெரியாது. அவர்களே மண்ணெண்ணெயில் கலப்படம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

இஞ்சினை என்னிடமே கொண்டுவந்தார்கள். பம்பைத் திறந்தேன். மூன்று மடல் அடியோடு போயிருந்தது, பிய்ந்த றப்பர்த் துண்டுகள் தண்ணீர் ஏறும் வழியில் சிக்கிக் கிடந்தன. பிஸ்டன் இறுகிவிட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான், உம்முடைய சித்தம் ஆகட்டும் என்று ஜெபத்தில் நாங்கள் சொல்வது எங்கே வந்து நிற்கிறதென்று விளங்கியது. அவருடைய சித்தம் அந்தப் படகு வருவதா வராததா என்பதில் மட்டும் இல்லை. என் வாய் திறப்பதிலும் இருந்தது. அந்தத் தம்பியைக் கூப்பிட்டு, துண்டுகளை அவன் கையில் வைத்து, "தம்பி, இது பழசு. வெடிப்பைக் கண்டுதான் போட்டன். உன்னட்டச் சொல்லேல்ல" என்றேன். அவன் ஒன்றும் பேசவில்லை. துண்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அப்புறம் இஞ்சினை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். திருத்தும் செலவைக் கொண்டுபோய்க் கொடுத்தேன், வாங்கிக்கொண்டான். என்னிடம் மறுபடி வரவில்லை. கதை கரையெல்லாம் பரவியது, அந்த வருடக் கடைசியில் வேலையும் பாதியாகக் குறைந்தது.

மெதடிஸ்த சபைகளில் புதுவருடத்தில் உடன்படிக்கை ஆராதனை நடக்கும். மெதடிஸ்த இயக்கத்துக்கு வித்திட்ட ஜோன் வெஸ்லி 1755இல் தொடங்கியது. நான் இனி எனக்குச் சொந்தமல்ல, உமக்கே சொந்தம் என்று சபையார் எல்லாரும் ஒன்றாகச் சொல்வோம். உமக்காக என்னை வேலையில் வைத்தாலும் சரி, உமக்காக ஒதுக்கி வைத்தாலும் சரி என்று அதிலே ஒரு வரி வரும். வருடா வருடம் சொல்லிப் பழகிய வரி. 2023 ஜனவரியில், வாடைக்காற்றில் படகுகள் எல்லாம் கரையில் ஏற்றிக் கிடக்க, வேலைத்தலம் பூட்டிக் கிடக்க, அந்த வரி வந்தபோது எனக்குக் குரல் எழும்பவில்லை. மற்றவர்கள் அடுத்த வரிக்குப் போய்விட்டார்கள். நான் இடத்தைத் தவறவிட்டேன் என்று நினைத்து, பக்கத்தில் நின்ற பெரியவர் தன் புத்தகத்தை நீட்டி விரலால் இடத்தைக் காட்டினார். அவர் காட்டியது அடுத்த வரியை. நான் முந்தின வரியைத் தனியாக, மெதுவாகச் சொல்லி முடித்துவிட்டு அவர்களோடு சேர்ந்துகொண்டேன்.