பழைய ஃபைபர் படகு: பின்பலகையிலிருந்து தொடங்குங்கள்

பெயின்ட் பளபளப்பைப் பார்த்து விலை பேசாதீர்கள். முதலில் என்ஜின் மாட்டியிருக்கும் பின்பலகையைச் சுத்தியல் பிடியால் தட்டுங்கள். ‘டக்டக்’ என்று கெட்டியாகக் கேட்டால் நல்லது. ‘பொத்பொத்’ என்றால் உள்ளே பிளைவுட் ஊறிப்போயிருக்கும். பெரும்பாலும் போல்ட் துளை வழியாகத்தான் தண்ணீர் இறங்குகிறது. என்ஜினைப் பாதி தூக்கி, அதன் அடிப்பகுதியை அழுத்துங்கள். பலகை அசைந்தால் அந்தப் படகே வேண்டாம்.

நீங்கள் போகும்முன் அவுட்போர்டு என்ஜினை ஓட்டிச் சூடாக்க வேண்டாமென்று விற்பவரிடம் சொல்லிவையுங்கள். ஆறிய என்ஜின்தான் உண்மையைக் காட்டும். கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம், சிலிண்டருக்குச் சிலிண்டர் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசப்படக் கூடாது. கியர் பெட்டியின் கீழ் ஸ்க்ரூவைத் தளர்த்தி கியர் ஆயிலை விரலில் எடுங்கள். பால்போல வெளுத்திருந்தால் தண்ணீரைத் தடுக்கும் சீல் போய்விட்டது. ப்ரொப்பல்லர் தண்டில் சுற்றிய தூண்டில் நரம்பே பல நேரம் சீலை அறுத்திருக்கும். தண்ணீரே கொடுக்காமல் ஸ்டார்ட் செய்து காட்டினால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள், என்ஜினைக் குளிரவைக்கத் தண்ணீரை இழுக்கும் ரப்பர் சக்கரமான இம்பெல்லர் கருகிவிடும்.