பாண்டி பழைய பாலம்: அறுந்து கெடக்கறத பாத்துட்டு வந்தேன்

நேத்து நைட்டுதான் கடலூர் திரும்பினேன், மனசு ஆறல, அதான் சூட்டோட எழுதறேன்.

போற பஸ் படு மோசம். பாயிண்ட் டு பாயிண்ட்னு சொல்லி ஏத்திட்டு ரெட்டிச்சாவடி, கிருமாம்பாக்கம், தவளக்குப்பம்னு கை காட்டுன இடத்துல எல்லாம் நிறுத்தறாங்க, சீட்டுல கம்பி வேற குத்துது. எறங்குனா ஆட்டோக்காரர் பீச்சுக்கு 200 ரூபா கேக்கறார். கையில இருந்ததே 700, அநியாயம்ணேன்னு சொல்லிட்டு டெம்போல 10 ரூபாய்ல போயிட்டேன்.

வம்பாகீரப்பாளையம் போய் கரையில நின்னதும் பேச்சே வரல. சின்ன வயசுல அப்பா கைய புடிச்சிட்டு பாத்த பாலம், கப்பல் சரக்கு எறக்க கரையில இருந்து கடலுக்குள்ள நீட்டி கட்டுனது, நடுவுல காணோம்! மார்ச் 6, 2022, ஞாயித்துக்கிழமை, வங்கக்கடல்ல தாழ்வு மண்டலம், மாசி மாசத்துல அப்படி ஒரு கொந்தளிப்பு யாரு நெனச்சா? அலை அடிச்ச அடியில நடுப்பகுதி அப்படியே உள்ள போயிடுச்சு. மிச்சம் இருக்கற தூண்ல காரை உதிர்ந்து துருப்புடிச்ச கம்பி மீன் முள்ளு மாதிரி வெளிய நீட்டிட்டு நிக்குது. வலை பிரிச்சிட்டு இருந்த பெரியவர், "உப்புக்காத்து அறுபது வருசமா அரிச்சது தம்பி, அலை கடைசியா ஒரு தள்ளு தள்ளுச்சு, அவ்ளோதான்"னார்.

அந்தக் காலத்துல பாண்டில கப்பல் கரைக்கு வராது, கடல்ல தள்ளிதான் நங்கூரம் போடும். அங்கேருந்து சலங்குங்கற படகுலதான் சரக்கு கரைக்கு வரும், அலையில பாதி நனைஞ்சிடும், அதுக்குத்தான் 1866ல பிரெஞ்சுக்காரங்க இப்ப காந்தி சிலை இருக்கற இடத்துக்கு நேரா இரும்புப் பாலம் போட்டாங்க. 1952 புயல் அத முடிச்சிடுச்சு. அதுக்கு பதிலா தெக்கால கட்டி 1962ல தொறந்ததுதான் இது. ரெண்டையும் கடலே வாங்கிக்கிச்சு. ஆனா புயல் மேல மட்டும் பழி போட எனக்கு மனசு வரல, எத்தன வருசமா விரிசல் கண்ணுக்கு முன்னாடி தெரிஞ்சுது, ஒழுங்கா பராமரிச்சிருந்தா இன்னும் தாங்கியிருக்கும்.

மதியம் பக்கத்துச் சந்துல ஒரு அக்கா கடையில மீன் சாப்பாடு, 90 ரூபா. சங்கரா மீன் கொழம்பு, மாங்கா போட்டது, ஐயோ அந்த ருசி! ரெண்டாவது தடவ சோறு கேட்டேன், "சாப்புடு தம்பி, காசு வேணாம்"னு கொழம்பும் ஊத்துனாங்க. இதுக்காகவே திரும்ப போவேன்.

போறவங்க சாயங்காலம் போங்க, வெயில் தாங்காது. மிச்சம் நிக்கற தூணையாவது ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கங்க. நான் எடுத்தத அப்பாவுக்கு காட்டினேன், ரொம்ப நேரம் போனையே பாத்துட்டு இருந்தாரு.