புகார் மனுவில் திட்டு

பிறருக்குப் புகார் மனு எழுதித் தருகிறவர்களின் கை தானாக எழுதிவிடும் ஒரு வரி உண்டு: "என்னைத் தகாத வார்த்தைகளால் ஆபாசமாகத் திட்டி, மானபங்கப்படுத்தி, கொலை மிரட்டல் விடுத்தார்." பெரும்பாலும் இவற்றில் ஒன்றுதான் நடந்திருக்கும்.

திட்டு வேறு, ஆபாசம் வேறு. "சோத்துக்கு வக்கில்லாத நாயே" என்பது திட்டு. கேட்டவர் பொறுமையிழந்து கைகலப்பில் இறங்கட்டும் என்று வேண்டுமென்றே சொல்லியிருந்தால் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 352-ஆம் பிரிவு (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 504). ஆபாசத்துக்கு 296 (பழைய 294-பி). இதற்குப் பொது இடம் வேண்டும், பிறருக்குத் தொந்தரவு வேண்டும், சொல்லில் காமம் தொனிக்கவும் வேண்டும். வெறும் வசவு ஆபாசமாகாது என்று தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2022-இல் சொல்லிவிட்டது.

பிறகும் ஏன் எல்லா மனுவிலும் 'ஆபாசம்'? 352 என்றால் மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸ் புலன்விசாரணை செய்ய முடியாது, மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு நிற்கும். 296 என்றால் நேரே எஃப்.ஐ.ஆர். அந்த ஆசைதான். விசாரணையில் அதுவே காலை வாரும்.

இன்னும் மோசமானது 'மானபங்கம்'. "ஊர் முன்னாடி மானத்தை வாங்கிட்டான்" என்று ஒருவர் சொன்னதை இப்படி எழுதிவிடுகிறார்கள். அது பெண்ணின் உடலைத் தொட்ட குற்றத்துக்குரிய சொல். பொய்யாகப் பழி சொல்லிப் பெயரைக் கெடுத்தால் அவதூறு. அதற்கு மூன்றாம் ஆள் காதில் விழுந்திருக்க வேண்டும், போக வேண்டியதும் ஸ்டேஷனுக்கு அல்ல, கோர்ட்டுக்கு.

வட்டார வழக்கையும் கவனிக்க வேண்டும். தெற்கத்திக்காரர் "சத்தம் போட்டாரு" என்றால் கண்டித்தார், அவ்வளவுதான். "ஏசினாரு", "வஞ்சாரு" என்றால் திட்டினார். "என்ன சொல்லி வஞ்சாரு?" என்று கேட்காமல் பேனாவை எடுக்கக் கூடாது.

சாதிப் பெயரைச் சொல்லித் திட்டியது என்றால் இந்தக் கேள்வி இரட்டிப்பு முக்கியம். 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் பொதுப் பார்வைக்கு உட்பட்ட இடம் என்பது நிபந்தனை. "இழிவாகப் பேசினார்" என்று மட்டும் எழுதினால் போதாது. சொன்ன சொல், நின்ற இடம், கூட இருந்தவர்கள் மூன்றும் வேண்டும்.

சொல்லக் கூசுகிறவர்களிடம் ஒரு தாளைக் கொடுத்து அவர்கள் கையாலேயே எழுதச் சொல்லலாம். கெட்ட வார்த்தை இருக்க வேண்டிய இடத்தில் புள்ளி வைத்தால், குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீலின் முதல் கேள்வி அந்தப் புள்ளியைப் பற்றித்தான் இருக்கும்.