ஸ்லைடு, பிளாக் இரண்டையும் முதலிலேயே கேட்டு வாங்குங்கள்

அம்மாவுக்கு மாதவிடாய் நின்று பல வருஷம் கழித்து உதிரப்போக்கு. பயாப்ஸியில் கர்ப்பப்பையின் உட்சுவரில் புற்றுநோய் என்று வந்தது. கர்ப்பப்பையை லேப்ராஸ்கோப்பியில், அதாவது வயிற்றில் சிறு துளைகள் போட்டு, எடுத்துவிடலாம் என்றார்கள். எடுத்தும் ஆகிவிட்டது, மறுநாளே எழுந்து நடந்தார். அதற்கு முன்னால் பட்ட அலைச்சலை நினைத்தால்தான் இன்னும் வயிறு எரிகிறது.

பயாப்ஸி எடுத்தது ஒரு இடம், ஆபரேஷன் வேறு இடம். ரிப்போர்ட், எம்.ஆர்.ஐ. எல்லாம் கொண்டுபோயிருந்தோம். "ஸ்லைடும் பிளாக்கும் எங்கே?" என்றார் டாக்டர். பயாப்ஸி திசுவை மெல்லியதாகச் சீவிக் கண்ணாடியில் ஒட்டியது ஸ்லைடு, மீதியை மெழுகில் பதித்து வைத்தது பிளாக். அவர்களுடைய பெத்தாலஜிஸ்ட் (திசுவைப் பரிசோதிக்கும் டாக்டர்) மறுபடி பார்த்து, புற்றுநோயின் வகையையும் அது எவ்வளவு தீவிரமானது என்ற கிரேடையும் உறுதி செய்த பிறகே எவ்வளவு எடுப்பது என்று முடிவு செய்வார்களாம். நியாயம்தான். பழைய லேபில் யாரும் இதைச் சொல்லவே இல்லையே!

திரும்பப் போனால் கவுன்ட்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ரிப்போர்ட்தான் கொடுத்தாச்சே." டாக்டரின் கடிதம் வேண்டும் என்றார். கொண்டுபோனால், நோயாளியே வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார். இதை முதல் தடவையே சொல்லியிருக்கலாம். உதிரப்போக்கோடு அம்மாவை அழைத்துப் போய் அந்தப் பெஞ்சில் உட்கார வைத்தேன்.

பிளாக் என்பது தபால்தலை அளவு பிளாஸ்டிக் சட்டம், அதில் வெள்ளை மெழுகு, நடுவே பழுப்பாக ஒரு துணுக்கு. அதன் எண்ணை ரிப்போர்ட்டோடு ஒப்பிட்டேன். கடைசி இலக்கம் வேறு. வேறு யாருடையதோ! அங்கேயே நின்று சரியானதை வாங்கிக்கொண்டுதான் வந்தேன். நீங்களும் கவுன்ட்டரை விட்டு நகரும் முன் எண்ணைப் பாருங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் பிளாக்கை வைக்காதீர்கள், மெழுகு இளகிவிடும்.

இதற்கு நடுவில் உறவுக்காரர்கள் "துளை போட்டுச் செய்தால் நோய் திரும்பி வரும்" என்று பயமுறுத்தினார்கள். டாக்டரிடமே கேட்டேன். இந்தப் பயத்துக்குக் காரணம் 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஆனால் அது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பற்றியது. நாலரை வருஷம் நோயில்லாமல் இருந்தவர்கள், வயிற்றைத் திறந்து செய்ததில் 96.5 சதவீதம், துளை வழியாகச் செய்ததில் 86 சதவீதம். அம்மாவுக்கு வந்திருப்பது கர்ப்பப்பையின் உட்சுவரில், ஆரம்ப நிலை. அதற்கு லேப்ராஸ்கோப்பி நல்ல வழி என்று பெரிய ஆய்வுகளே காட்டியிருக்கின்றன. "கர்ப்பப்பைப் புற்றுநோய்" என்று பொதுவாகச் சொல்பவர்களிடம் எந்தப் பகுதி என்று கேளுங்கள். கர்ப்பப்பையை உள்ளே துண்டாக்காமல் முழுசாக எடுப்பார்களா என்பதையும் கேட்டுவிடுங்கள். துண்டாக்கினால் நோய் சிதறக்கூடும்.

ஆபரேஷனுக்குப் பிறகு தோள்பட்டை வலித்தால் பதற வேண்டாம், வயிற்றுக்குள் செலுத்திய வாயுவால் வருவது, நடக்க நடக்கக் குறையும். ஆனால் வெளித்துளைகள் ஆறியதைப் பார்த்து ஏமாறாதீர்கள். பிறப்புறுப்பின் மேல்முனையில் உள்தையல் இருக்கிறது, அது ஆற வாரக்கணக்கில் ஆகும். கனம் தூக்கக் கூடாது. திடீரென்று தண்ணீராகவோ ரத்தமாகவோ கொட்டினால் போனில் கேட்டுக்கொண்டிருக்காமல் நேரே எமர்ஜென்ஸிக்குப் போய்விடுங்கள்.