அந்த உதை

டெய்லா ஹாரிஸை எனக்கு அறிமுகப்படுத்தியது ஒரு புகைப்படம்தான். 2019 மார்ச், மெல்பர்னில் ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தில் ஒரு மகளிர் ஆட்டம். கார்ல்டன் அணியின் ஃபார்வர்டு, அதாவது முன்கள ஆட்டக்காரர் அவர். பந்தை உதைத்த வேகத்தில் உடல் அந்தரத்தில், உதைத்த கால் தலை உயரத்துக்கு. எடுத்தவர் மைக்கேல் வில்சன். எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத படம்.

ஒரு தொலைக்காட்சி நிறுவனம் அதைப் பகிர்ந்ததும் கீழே ஆபாசமான வசைகள் குவிந்தன. நிறுவனம் வசைகளை நீக்காமல் படத்தையே நீக்கியது! இன்று நினைத்தாலும் கோபம் வருகிறது. எதிர்ப்பு கிளம்பியதும் மன்னிப்புக் கேட்டு மீண்டும் போட்டார்கள். டெய்லா அந்த வசைகளைப் பாலியல் துன்புறுத்தல் என்றே வெளிப்படையாகச் சொன்னார். அப்போது அவருக்கு 21 வயதுதான். அந்தத் துணிச்சல் எனக்கு அந்த உதையைவிடப் பெரியது.

அதே ஆண்டு செப்டம்பரில் மெல்பர்ன் ஃபெடரேஷன் சதுக்கத்தில் அந்த உதை வெண்கலச் சிலையாக நின்றது.

அப்புறம் ஆட்டம். 2017இல் மகளிர் லீக் தொடங்கியபோது பிரிஸ்பேனில் ஆடினார். அடுத்து கார்ல்டன், பிறகு மெல்பர்ன். இடையில் தொழில்முறை குத்துச்சண்டை வேறு. 2022 நவம்பர் இறுதிப் போட்டியில் மெல்பர்ன் வென்றது, அதுவும் அவருடைய பழைய பிரிஸ்பேன் அணியை, வெறும் 4 புள்ளிகளில்.